பேன் வராமல் இருக்கப் பிள்ளையின் தலையில் தினமும் எதைப் பூசலாம்?

முன்பள்ளிக்குப் போகும் நான்கு வயது மகளுக்கும் மூன்றாம் ஆண்டில் படிக்கும் மூத்தவளுக்கும் மாறி மாறிப் பேன் வருகிறது, பாமசியில் வாங்கிய லோஷனைப் போட்டால் போகிறது, மூன்று நாலு கிழமைக்குள் திரும்பவும் வந்துவிடுகிறது, ஆகவே பேன் வராமல் தினமும் பூசக்கூடிய எண்ணெயோ ஷாம்புவோ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கொக்குவிலில் கூட்டுக் குடும்பமாக இருப்பதாகவும், பிள்ளைகள் இரவில் அம்மம்மாவோடு ஒரே பாயில் படுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எண்ணெயைப் பற்றிக் கேட்டாலும், போன பேன் ஏன் திரும்பி வருகிறது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது. அது விளங்கினால் என்ன செய்யவேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

எண்ணெய்க் கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். தினமும் பூசினால் பேன் ஏறாமல் தடுக்கும் என்று நம்பகமாக நிறுவப்பட்ட எண்ணெயோ ஷாம்புவோ இன்றுவரை இல்லை. வேப்பெண்ணெய், தேயிலை மர எண்ணெய், லவெண்டர் எண்ணெய் என்று விற்கிறார்கள். ஆய்வுகூடத்தில் இவற்றில் சில பேனைக் கொன்றதும் விரட்டியதும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளையின் தலையில் அவை காவலாக நிற்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. செறிவான வாசனை எண்ணெய்கள் சின்னப் பிள்ளைகளின் தோலில் எரிவையும் ஒவ்வாமையையும் உண்டாக்குவது மட்டும் நன்றாகத் தெரிந்த விஷயம். உண்மையில் பேனைக் கட்டுக்குள் வைத்திருப்பது, கிழமையில் ஒரு நாள் வீட்டில் உள்ள எல்லாரின் தலையையும் நெருக்கமான சீப்பால் ஈரத்தில் வாரிப் பார்ப்பதுதான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கணக்குத் தெரிந்தால் அதன் பலம் புரியும்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த பெண் பேன் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளம், எள்ளளவு. ஒரு மாதம் வரை உயிரோடு இருக்கும். நாளுக்கு ஆறு முதல் எட்டு ஈர் வரை இடும். ஈர் தலைத்தோலுக்கு மிகக் கிட்ட, பெரும்பாலும் 6 மில்லிமீற்றருக்குள், மயிரின் ஒரு பக்கத்தில் சரிவாக ஒட்டப்பட்டிருக்கும். 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு குண்டூசித் தலையளவே இருக்கும். அது வளர்ந்து தானும் ஈர் இடத் தொடங்க இன்னும் 9 முதல் 12 நாள் எடுக்கும். இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். லோஷன் போட்ட அன்று ஓடித்திரிந்த பேன்கள் செத்தன. ஈர்களில் ஒரு பகுதி தப்பியது. பத்து நாளுக்குள் அவை பொரித்தன, ஆனால் குஞ்சுகள் கண்ணுக்குப் படவில்லை. மூன்றாவது கிழமையில் அவை வளர்ந்து கண்ணில் பட்டபோது, “பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்பவும் கொண்டு வந்துவிட்டாள்” என்று நினைத்தீர்கள். பல வீடுகளில் திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் பேன், உண்மையில் போகவே இல்லாத பேன். மூன்று நாலு கிழமை என்ற இடைவெளியே அதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். முதன்முறை பேன் பிடித்த பிள்ளைக்குக் கடி தொடங்க நாலு முதல் ஆறு கிழமை வரை ஆகலாம், ஏனென்றால் கடி என்பது பேனின் உமிழ்நீருக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. பிள்ளை தலையைச் சொறியட்டும், அப்போது பார்ப்போம் என்று இருந்தால், அதற்குள் அவள் அந்தப் பேனைத் தங்கைக்கும் அம்மம்மாவுக்கும் வகுப்பில் பக்கத்தில் இருப்பவளுக்கும் கொடுத்து முடித்திருப்பாள். அதனால்தான் சொறிவதைப் பார்த்து அல்ல, கிழமையைப் பார்த்துத் தலையைச் சோதியுங்கள் என்று சொல்கிறோம். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் இருக்கிறது. அந்த நாளையே சீப்பு நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு வேலையை ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

சீப்பில் இருந்து தொடங்குவோம். சந்தையில் விற்கும் ஈர்கொல்லிச் சீப்புகள் எல்லாம் ஒன்றல்ல. பற்களுக்கு இடையிலான இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் குஞ்சுப் பேன் நழுவிவிடும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: பற்களுக்கு நடுவே வெளிச்சம் நூல்போல மட்டும் தெரியவேண்டும், எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தெரியவேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக் பற்கள் மயிருக்குள் போனதும் வளைந்து விலகும். நீண்ட உலோகப் பற்கள் உள்ள சீப்பே நல்லது. விலை கொஞ்சம் கூடினாலும் வருடக்கணக்கில் இருக்கும்.

தலையைச் சாதாரணமாக முழுக வைத்து, ஈரத்தோடு கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். தோள்வரை மயிர் உள்ள பிள்ளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வேண்டும். மலிவானது போதும், இது தலையில் விடுவதற்கல்ல. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் தண்ணீர், மயிர் சீக்கிரம் சொரசொரத்துச் சிக்குப் பிடிக்கும், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசியும் வாரலாம். எண்ணெயின் உண்மையான பயன் இதுதான்: பேனின் கால்கள் வழுக்கி ஓட்டம் குறைகிறது, சீப்பும் இழுபடாமல் போகிறது. காய்ந்த தலையில் வெளிச்சம் பட்டவுடன் பேன் ஓடி ஒளிந்துவிடும். நன்றாக நனைந்து குழைந்த தலையில் அது அசையாமல் கிடக்கும்.

முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கு எடுங்கள். பிறகு பிள்ளையை விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் இருத்தி, தலையை நாலு பகுதியாகப் பிரித்து மூன்று பகுதியைக் கிளிப் போட்டு வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் மயிரை எடுக்காதீர்கள். சீப்பின் பற்கள் தலைத்தோலைத் தொடவேண்டும், அங்கிருந்து நுனிவரை ஒரே இழுவை. ஒவ்வொரு இழுவைக்குப் பிறகும் சீப்பை வெள்ளைத் துணியிலோ ரிஷ்யூவிலோ துடைத்துப் பாருங்கள். மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ கால் உள்ள ஒரு புள்ளி தெரிந்தால் அது பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு மடங்கு நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் பேன் விரும்பும் இடங்கள் அவைதான். அவசரக்காரர் உச்சியை வாரிவிட்டுப் பிடரியை விட்டுவிடுவார்கள். முழுத் தலையையும் ஒரு சுற்று வாரி முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. சின்னவளுக்கு 15 நிமிடம், நீளமான அடர்ந்த மயிருக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் சும்மா இருக்காது. கையில் ஒரு படப்புத்தகமோ போனோ கொடுங்கள், நடுவில் எழும்பி ஓடினால் விட்டுப் பிடியுங்கள். வலிக்க வலிக்க இழுத்தால் அடுத்த கிழமை சீப்பைக் கண்டாலே அழும்.

ஒரு தலையிலாவது உயிருள்ள பேன் கிடைத்தால், அந்தத் தலைக்குக் கிழமைக்கு ஒருமுறை போதாது. வாரிய அந்த நாளை 1-ஆம் நாள் என்று வைத்து, 5-ஆம், 9-ஆம், 13-ஆம் நாள்களிலும் இதே மாதிரி வாருங்கள். ஈர் பொரிப்பதும் குஞ்சு வளர்வதும் எடுக்கும் காலத்தோடு இது பொருந்துகிறது: புதிதாகப் பொரித்த ஒவ்வொரு குஞ்சும் ஈர் இடும் வயதுக்கு வருமுன் சீப்பில் அகப்பட்டுவிடும். இடையில் வரும் நாள்களில் என்ன கிடைக்கிறது என்று கவனியுங்கள். குஞ்சுகள் மட்டும் என்றால் பழைய ஈர்கள் பொரிக்கின்றன, வேலை சரியாக நடக்கிறது. 5-ஆம் நாளுக்குப் பிறகு பெரிய பேன் ஒன்று அகப்பட்டால், முதல் வாரலில் தப்பியிருக்கிறது அல்லது வேறொரு தலையில் இருந்து வந்திருக்கிறது. அந்த நாளை முதல் நாளாக எண்ணி மறுபடி தொடங்குங்கள். 13-ஆம் நாளுக்குப் பிறகு இன்னொரு தடவை வாரி ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்தினால் முடிந்தது.

இந்த முறை எவ்வளவு நம்பகமானது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் 2000-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் சீப்பு முறையில் 38 வீதமும் மலத்தியோன் லோஷனில் 78 வீதமும் குணமானார்கள். 2005-இல் வெளியான இன்னொன்றில் சீப்பு முறையில் 57 வீதம், லோஷன்களில் 13 வீதம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், மருந்தின் பலன் அந்தந்த ஊர்ப் பேன் அந்த மருந்துக்கு எவ்வளவு பழகிவிட்டது என்பதிலும், சீப்பின் பலன் வாரும் கையின் பொறுமையிலும் தங்கியிருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நாலு நாளில் ஒரு நாளைத் தவறவிட்டாலும் சீப்பு முறை தோற்கும்.

லோஷன் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிருள்ள பேன் கண்ணால் கண்ட தலைக்கு 1 வீத பேர்மெத்ரின் லோஷன் பல நாடுகளிலும் முதல் மருந்தாகத் தரப்படுகிறது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது. ஆனால் போடும் விதத்தில்தான் பிழை நடக்கிறது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கோ கண்டிஷனரோ இருக்கும்போது பூசினால் மருந்து மயிரில் பிடிக்காது. வெறும் ஷாம்புவால் கழுவி, துவாயால் துடைத்து, ஈரப்பதமாக இருக்கும்போது தலைத்தோலில் இருந்து நுனிவரை நனையப் பூசி, 10 நிமிடம் விட்டு அலசவேண்டும். பிள்ளையின் கண்ணைத் துவாயால் மூடி, உடம்பில் வழியாமல் தலையைக் குனிய வைத்துக் கழுவுங்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஷாம்பு போடவேண்டாம். பெரும்பாலானோர் கைவிடுவது இரண்டாவது பூச்சை. 9-ஆம் நாளில் திரும்பப் பூசாவிட்டால் மேலே சொன்ன கணக்குப்படி மூன்றாம் கிழமையில் பழைய கதைதான். பூசி அரை நாளுக்குப் பிறகும் பேன்கள் முன்போல விரைவாக ஓடினால், அதையே மறுபடி மறுபடி பூசாதீர்கள். பேர்மெத்ரினுக்குப் பழகிவிட்ட பேன்கள் பல நாடுகளில் இருக்கின்றன, வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள். டைமெதிகோன் என்ற சிலிக்கோன் திரவம் பேனைச் சுற்றிப் படிந்து கொல்வதால் அந்தப் பழக்கச் சிக்கல் குறைவு. ஆனால் அது தலையில் இருக்கும்போது குத்துவிளக்கு, அடுப்பு எதற்கும் கிட்டப் போகக்கூடாது, தீப்பிடிக்கும். எந்த லோஷனையும் “வராமல் இருக்க” என்று முன்கூட்டியே மாதாமாதம் பூசாதீர்கள். அது காவல் காக்காது, பேனை மருந்துக்குப் பழக்குவதுதான் மிச்சம்.

வீட்டு வைத்தியங்களில் சிலவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் பூசுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. தோல் வெந்துபோவதும், ஆவி நெஞ்சுக்குள் போவதும், விளக்கடியில் தீப்பிடிப்பதும் நடந்தவை, கற்பனை அல்ல. சீத்தாப்பழ விதையையோ அன்னமுன்னா விதையையோ அரைத்துப் பூசினால் பேன் சாகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பசை ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிக் கடும் வலியும் பார்வை மங்கலும் வரும். பிள்ளை கையால் தலையைத் தொட்டுக் கண்ணைக் கசக்குவதை யாரால் தடுக்கமுடியும்? தற்செயலாகப் பட்டுவிட்டால் கால் மணித்தியாலம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிப் பூசுவதும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். எறும்புச் சோக்கு, நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே இரண்டும் தலைக்கு அருகிலேயே போகக்கூடாது. சாம்பிராணிப் புகை பேனைக் கொல்லாது, இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டும். இரவு முழுக்கத் தேங்காயெண்ணெய் வைத்துத் துணி கட்டுவதால் ஆபத்து இல்லை, கொஞ்சம் பேன் சாகவும் கூடும். பேன் தன் மூச்சுத் துளைகளை மணிக்கணக்கில் மூடி வைத்திருக்கக்கூடியது என்பதால் நிச்சயமாகச் சாகும் என்று சொல்லமாட்டேன். ஈருக்கு ஒன்றும் ஆகாது என்பது நிச்சயம்.

எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் எதைத் தடுக்கலாம் என்பதும் தெரியும். பேன் பாயாது, பறக்காது. தலையும் தலையும் முட்டும் நேரத்தில் ஊர்ந்து போகும், அதுவே பெரும்பாலான பரவலுக்குக் காரணம். முன்பள்ளியில் தலைகள் ஒன்றாகக் குனிந்து விளையாடுவதும், ஒரு போனுக்குள் நாலு பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும், ஒரே பாயில் ஒட்டிப் படுப்பதும்தான் வழி. பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருவதும் இந்த நெருக்கத்தால்தான். இரட்டைப் பின்னல் இறுகப் போட்டு அனுப்புவது நியாயமான முன்னெச்சரிக்கை, ஆனால் அது கவசம் அல்ல. சீப்பு, ரிபன், துவாய், தலையணை தனித்தனியாக இருக்கட்டும். நடன வகுப்பில் சவுரிமுடி மாறி மாறிக் கட்டுவார்கள், அதையும் கவனியுங்கள். ஆனால் இவை இரண்டாம்பட்சம். தலையை விட்டு விழுந்த பேன் உணவில்லாமல் ஒன்றிரண்டு நாளில் சாகும், ஆகவே வீட்டையே கழுவி மருந்தடிக்க வேண்டியதில்லை. பேன் கண்ட அன்று தலையணை உறையையும் துவாயையும் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். சீப்புகளை, கொதித்த தண்ணீரும் அதே அளவு பச்சைத் தண்ணீரும் கலந்த சூட்டில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், அவ்வளவுதான். கீரிமலைக் கேணியிலோ கசூரினாக் கடலிலோ குளித்தால் பேன் செத்துவிடாது. மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். கோழிக்கூட்டில் இருந்தும் நாயில் இருந்தும் மனிதத் தலைக்குப் பேன் வராது, அவை வேறு இனம். தலைச்சூட்டில் பேன் தானாகப் பிறக்கும் என்பதும் சரியல்ல.

உங்கள் வீட்டில் கவனிக்கவேண்டிய தலை அம்மம்மாவுடையது என்று நினைக்கிறேன். வயதானவர்களுக்குப் பழகிப்போய்க் கடியே தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகளை மட்டும் சுத்தப்படுத்தி அதே பாயில் படுக்கவிட்டால் அன்றிரவே திரும்ப ஏறும். மரியாதைக் குறைவாக நினைக்காமல், உங்கள் தலையையும் அவரிடம் கொடுத்து, அவர் தலையையும் வாங்கிப் பாருங்கள். அப்பா, சித்தி, விடுமுறைக்கு வந்து நிற்கும் மச்சாள் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே நாளில் பார்க்கவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து ஒன்றாகப் படுக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேன் சர்வசாதாரணம், ஆகவே யார் யாருக்குக் கொடுத்தது என்று ஆராயத் தேவையில்லை.

ஈரைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு விளக்கம். இரண்டு நகத்தால் இழுத்தால் சுலபமாகக் கழன்று விழுவது பொடுகு, மயிரோடு ஒட்டி வராமல் நிற்பது ஈர். மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், தலைத்தோலில் இருந்து அதற்கு மேல் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. வெப்பமான ஊர்களில் பிடரிப் பக்கத்தில் சற்றுத் தள்ளியும் உயிருள்ள ஈர் இருப்பதுண்டு, அதனால் இந்த அளவை முழு நிச்சயமாக எடுக்கவேண்டாம். மருந்து போடுவதா இல்லையா என்பதை ஈரை வைத்தல்ல, ஓடும் பேனை வைத்தே முடிவு செய்யுங்கள். பேன் போன பிறகும் ஒன்றிரண்டு கிழமை கடி இருக்கலாம். அதற்காக மறுபடி லோஷன் பூசாதீர்கள்.

எழுத்தில் பதில் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, உங்கள் பிள்ளையின் தலையை நான் பார்க்கவில்லை. சொறிந்த இடம் புண்ணாகி நீர் வடிந்தால், மஞ்சள் பொருக்குக் கட்டினால், பிடரியில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால், கண் இமையில் பேனோ ஈரோ தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது வெறும் பேன் பிரச்சினை அல்ல, புண்ணுக்குத் தனி மருந்து வேண்டியிருக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலில் சீப்பு மட்டும் போதும், மருந்தென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

கடைசியாக முன்பள்ளி. பேன் கண்டதற்காகப் பிள்ளையை வீட்டில் மறிக்கத் தேவையில்லை. கண்டுபிடிக்கும்போது அது வந்து ஏற்கெனவே ஒரு மாதம் ஆகியிருக்கும், பேன் நோயைப் பரப்புவதும் இல்லை. ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊத்தையால் வருவது என்ற எண்ணம் பிழை, தினமும் முழுகும் தலையிலும் பேன் அதே மாதிரித்தான் ஒட்டும். வெட்கத்தால் ஒரு தாய் மறைக்க, அடுத்த தாயும் மறைக்க, பிள்ளைகளுக்குள் பேன் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆசிரியரிடம் சொல்லி வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போடச் சொல்லுங்கள்: “வகுப்பில் ஒரு சிலருக்குப் பேன் இருக்கிறது. இந்தச் சனி ஞாயிறு எல்லாரும் பிள்ளையின் தலையையும் வீட்டில் உள்ளவர்களின் தலையையும் ஈரத்தில் வாரிப் பாருங்கள், அடுத்த இரண்டு கிழமையும் தொடருங்கள்.” எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வரக்கூடாது.